மைக் டீச்சரும் ஒரு பேரீச்சங்கொட்டையும்

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது நான்கு, நாத்தனார் விட்டுப்போன மூன்றையும் சேர்த்து வளர்த்தது ஏழு. அந்த ஏழும் ஒரே நேரத்தில் தொண்டை கிழிய அழுதபோதுகூட நான் காதைப் பொத்தியதில்லை. ஷார்ஜாவில் மகன் வீட்டுக்கு வந்த பிறகுதான், ஒற்றைப் பெண்பிள்ளையின் குரலுக்காகக் காதைப் பொத்தினேன். இந்த வளைகுடா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அவளைப்போல இன்னொரு தொண்டை கிடைக்காது.

அவள்தான் மைக் டீச்சர். ஊர் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை. எங்கள் பக்கத்து பிளாட்டில் இரண்டு நர்ஸுகளோடு ஷேரிங்கில் இருந்தாள். புருஷன் ஊரில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவர். மகள் ஊரில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். என் பேத்தி அனுவின் பள்ளிக்கூடத்தில் இவள் தமிழ் டீச்சர். மாதா கோயிலில் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது அவள் பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் புருஷனோடு போனில் பேசினால், அன்றைக்குத் தூத்துக்குடியில் என்ன மீன் பட்டது என்று எங்கள் பில்டிங் முழுக்கத் தெரியும். சாயங்கால ஜெபம் சொன்னால், மூன்றாவது மாடியில் இருந்த பாகிஸ்தான்காரப் பட்டாணி டிரைவர் ‘ஆமீன்’ சொல்லி முடித்துவைப்பார். ஒருமுறை பில்டிங்கின் தீ அலாரம் கெட்டுப்போனபோது வாட்ச்மேன் நேராக அவளிடம் வந்தான். “சிஸ்டர், ரெண்டு நாளைக்கு வெளிய எங்கயும் போயிடாதீங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் சத்தம் குடுக்கணும்” என்றான். அவளும் அதை ஒரு பதவி உயர்வு மாதிரி ஏற்றுக்கொண்டாள்.

வகுப்பிலும் இதே கதைதான். கேள்வியையும் அவளே கேட்பாள், பதிலையும் அவளே சொல்வாள், ‘வெரிகுட்’டும் அவளே போட்டுக்கொள்வாள். பிள்ளைகள் வாய் திறக்க ஒரு சந்து கிடைக்காது. எங்கள் அனு அப்போது ஐந்தாம் வகுப்பு. வீட்டில் இங்கிலீஷில் பொரிந்து தள்ளுவாள். தமிழ் வகுப்பில் மண் பொம்மை.

பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வந்தவர்கள் இதைக் கவனித்துவிட்டார்கள். இந்தப் பள்ளியில் டீச்சர்தான் பேசுகிறார், பிள்ளைகள் பேசவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிரின்சிபால் அம்மா மைக் டீச்சரைக் கூப்பிட்டார். பின்லாந்து என்ற ஊரில் டீச்சர்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள், போய்ப் படித்துவிட்டு வா. வந்ததும் அதிகாரிகள் முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். அது சரியாக இருந்தால்தான் காண்ட்ராக்ட் ரினியூவல் என்றார். ரினியூவல் இல்லையென்றால் விசா இல்லை. விசா இல்லையென்றால் மகளின் நர்ஸிங் படிப்பு பாதியில் நிற்கும். இவளுக்குப்போய் இவ்வளவு பெரிய வாய்ப்பு எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? மற்ற டீச்சர்கள் எல்லாரும் கோடை லீவுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்தது இவள்தான்.

“ஆச்சி, ஹெல்சிங்கிக்கு போறேன்!” என்று அவள் தன் வீட்டில் நின்று சொன்னது, என் வீட்டு அடுப்பங்கரையில் விழுந்தது.

“இருபது வருசமா பாடம் எடுக்க. இன்னும் என்னத்தட்டி படிக்கப் போற?” என்றேன்.

“அதத்தான் ஆச்சி நானும் யோசிக்கேன். போயித்தான் பாக்கணும்.”

எனக்கும் அந்த அரிப்பு ஒட்டிக்கொண்டது. ஏழு பிள்ளை வளர்த்த எனக்கு யாரும் எந்த ஊருக்கும் டிக்கெட் போட்டதில்லை. அப்படி என்னத்தைத்தான் சொல்லித்தரப் போகிறார்கள் என்று தெரிந்தே ஆகவேண்டும் என்று நினைத்தேன்.

முதல் கவலை குளிர். பின்லாந்து என்றாலே பனிக்கட்டி என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை தவறாமல் என் கையால் சாப்பிட வருகிற சுடலை, தொழில்பேட்டையில் ஒரு கோல்டு ஸ்டோரில் வேலை பார்த்தான். தென்காசிப் பக்கத்துப் பையன். உறைந்த கோழிப் பெட்டிகளை அடுக்குவது அவன் டியூட்டி.

“டீச்சரக்கா, கவலையே படாதிய. மைனஸ் பதினெட்டுல நாங்க போட்டுட்டு நிக்கிற ஜாக்கெட்டு இருக்கு. கொண்டாறேன்” என்றான்.

கொண்டுவந்தான். தரையில் நிறுத்திவைத்தால் அதுவே ஆள் மாதிரி நிற்கும். முதுகில் ‘உறைந்த கோழி’ என்று அரபியிலும் இங்கிலீஷிலும் முழ நீளத்துக்கு எழுதியிருந்தது. வாசமும் அதற்குப் பொருத்தமாகவே இருந்தது. மைக் டீச்சர் அதை மாட்டிக்கொண்டு குளிருக்குப் பழக ஆரம்பித்தாள். வீட்டில் ஏசியைப் பதினாறில் வைத்தாள். நர்ஸுகள் இரண்டு பேரும் தலையணையோடு என் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். அடுத்து, கீழே சூப்பர்மார்க்கெட்டில் ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றாள். “சேச்சி, ஐஸ்கிரீம் உருகும். கதவ அடைங்க!” என்று மலையாளிப் பையன் கெஞ்சினான். “தம்பி, நான் படிக்கப் போறேன்!” என்று பெட்டிக்குள்ளிருந்து பதில் வந்ததாம்.

ஜூலை மாதம் அந்த ஜாக்கெட்டோடு ஏறிப்போனாள். இறங்கிய அன்றைக்கே வீடியோவில் வந்தாள். முகம் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

“ஆச்சி, ஏமாந்துட்டோம்! இங்க கோடை காலம்! எல்லாரும் கையில்லாத சட்டை போட்டுட்டு ரோட்டுல ஐஸ்கிரீம் திங்காவ. நான் மட்டும் கோழிப் பெட்டி மாதிரி நிக்கேன்!”

“கழத்திப் போடு பிள்ள.”

“போட்டுட்டேன். ஆனா இன்னொரு கூத்து. ராத்திரிச் சாப்பாடு ஆகிப் போச்சு, வெயில் அப்படியே அடிக்கி. இருட்டுனாதான ஜெபம் சொல்லணும்? நானும் பாத்துட்டே இருக்கேன், இருட்டவே மாட்டேங்கி!”

எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, யோசனையாகவும் இருந்தது. சூரியன் இறங்காத ஊரில் பிள்ளைகளை எப்படித் தூங்கவைப்பார்கள்? விளையாடுகிற பிள்ளையை ‘இருட்டிப்போச்சு, வா’ என்று எந்தத் தாய் கூப்பிட முடியும்? இதையெல்லாம் விசாரித்துக்கொண்டு வா என்று சொல்லி வைத்தேன்.

அவள் திரும்பி வந்த அன்றைக்கு டீ போட்டு வைத்துக் காத்திருந்தேன்.

“சொல்லு. அந்த ஊரு பிள்ளைய எப்படி? அடிக்காமலே படிக்குதுவளா? ராத்திரி எப்பத் தூங்குதுவ?”

“பிள்ளைகளையே பாக்கல ஆச்சி.”

“என்னது?”

“நம்மளுக்கு லீவுன்னா அவங்களுக்கும் லீவுதான? பள்ளிக்கூடமே பூட்டிக் கெடக்கு. காலி வகுப்பத்தான் காட்டுனாவ. வாசல்ல செருப்பு அடுக்குற பலகை இருந்திச்சு. நல்லாருந்திச்சு.”

பள்ளிக்கூடம் பார்க்க ஏழு கடல் தாண்டிப் போய், செருப்புப் பலகையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். நான் தலையில் கைவைத்தேன்.

ஆனால் சொல்லிக்கொண்டே வந்தவள் திடீரென்று குரலை இறக்கினாள். அவள் குரல் இறங்கி நான் கேட்டது அன்றைக்குத்தான். அங்கே பாடம் நடத்தியவள் தலை நரைத்த, உயரமான ஒரு அம்மாவாம். பல நாட்டு டீச்சர்களைக் குட்டி நாற்காலிகளில் பிள்ளைகளாக உட்கார வைத்தாளாம். ஒரு கேள்வி கேட்பாளாம். கேட்டுவிட்டுச் சும்மா நிற்பாளாம். கையைக் கட்டிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல்.

“அந்தச் சத்தமில்லாமை இருக்கே ஆச்சி, என்னால தாங்கவே முடியல. எவளோ செத்த வீட்டுல உக்காந்த மாதிரி. பட்டுனு நான் பதிலச் சொல்லிட்டேன். அடுத்த கேள்விக்கும் நாந்தான். எல்லாத்துக்கும் நாந்தான். மூணாவது நாளு அந்த அம்மா எங்கிட்ட வந்து, ‘உங்களுக்குப் பதில் தெரியுது. தெரியாதவங்க எப்ப யோசிக்கிறது?’ன்னு கேட்டா. கோவமே இல்ல ஆச்சி. அதுதான் நெஞ்சுல குத்திட்டு.”

ஆகக்கூடி, பின்லாந்தில் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. கேள்வி கேட்டால் வாயை மூடு. அதை இவளுக்குச் சொல்வதும், ஒட்டகத்தை ஊசியில் கோர்க்கச் சொல்வதும் ஒன்று.

அதிகாரிகள் முன்னால் வகுப்பு எடுக்கிற நாள் நெருங்கியது. பழகுவதற்கு என் அடுப்பங்கரைக்கு வந்தாள். நான்தான் பிள்ளை, அனு வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பாள். கேள்வி கேட்பாள், நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பதிலைச் சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள். வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு பார்த்தாள். பொறுக்க முடியாமல் பேசப்போக, அத்தனையும் என் முகத்தில். அப்போதுதான் மேசைமேல் இருந்த டப்பாவிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தேன்.

“இந்தா. கேள்வியக் கேட்டுட்டு, திரும்பி நின்னு இத வாயில போட்டுக்கோ. சவைக்காத. சப்பு. கொட்டை மட்டும் மிஞ்சுத வரைக்கும் பேசப்படாது.”

“சரி ஆச்சி. இப்பக் கேக்கேன். உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச சாப்பாடு எது?”

பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள். நின்றாள். கண் பிதுங்கியது. கன்னம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது. ஆனால் பேசவில்லை.

எனக்குத்தான் பதில் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு என்ன பிடிக்கும், ஏழு பிள்ளைகளுக்கும் ஏழு விதமாக என்ன பிடிக்கும், மருமகளுக்கு எது ஆகாது, எல்லாம் சொல்வேன். எனக்கு எது பிடிக்கும் என்று யோசித்தேன். நான் பதில் சொல்கிற வரைக்கும் ஒருத்தர் காத்துக்கொண்டு நின்றது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. (‘ஆச்சி, இதை எழுத வேண்டாம்’ என்கிறாள், நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கும் அனு. எழுது என்றேன்.)

“வேற ஆராச்சும் வச்சுத் தந்த கொழம்பு. எந்தக் கொழம்புன்னாலும் சரி” என்றேன்.

அவள் கொட்டையைத் துப்பினாள். நேராகத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் ஒரு சட்டி மீன் குழம்பு வந்தது. உப்பு அள்ளிக் கொட்டியிருந்தாள். ஆனாலும் சட்டியை வழித்துத்தான் சாப்பிட்டேன்.

அந்த நாள் வந்தது. வகுப்பின் பின்வரிசையில் பிரின்சிபால் அம்மாவும், சோதிக்க வந்த இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்களாம். இனி சொல்வதெல்லாம் அனு சொல்லக் கேட்டது. மைக் டீச்சர், “உங்க வீட்டுல ஆருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?” என்று கேட்டாள். போர்டு பக்கம் திரும்பினாள். பழம் உள்ளே போனது. வகுப்பைப் பார்த்து நின்றாள்.

பிள்ளைகளும் அவளே பதில் சொல்வாள் என்று காத்திருந்தார்கள். அவள் சொல்லவில்லை. ஏசி சத்தம் மட்டும் கேட்டது. பிரின்சிபால் அம்மா வாட்சைப் பார்த்தார். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டீச்சரின் காதெல்லாம் சிவந்துபோனதாம், ஆனாலும் வாய் திறக்கவில்லை. அந்தச் சத்தமில்லாமையை டீச்சருக்கு முன்னாலேயே பொறுக்க முடியாமல் போனது எங்கள் அனுவுக்குத்தான். எழுந்தாள்.

“எங்க ஆச்சிக்கு... வேற ஆளு வச்ச கொழம்பு பிடிக்கும்” என்றாள். தமிழில். முழு வாக்கியமாக.

வகுப்பு சிரித்தது. உடனே இன்னொரு பிள்ளை எழுந்தது, அப்புறம் இன்னொன்று. எங்க வாப்பாவுக்குத் தேராக் கடைத்தெருவில் ஒரு கடை சமோசா, எங்கம்மாவுக்கு டியூட்டி முடிஞ்சு வந்து ஆறின காப்பி என்று ஆளாளுக்குக் கத்தினார்களாம். சோதிக்க வந்தவர்களில் ஒருவர் எழுந்து வந்து டீச்சரின் பொறுமையைப் பாராட்டினார். அவள் நன்றிகூடச் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினாள். ‘எவ்வளவு அடக்கம்!’ என்றாராம். அடக்கமாவது! கன்னத்தில் கொட்டை இருந்தது.

ரினியூவல் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. அதே நிர்வாகம் ஓமானில், சோஹாரில், ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறது. அங்குள்ள டீச்சர்களுக்குப் பின்லாந்து முறையைச் சொல்லிக்கொடுக்க இவளையே அனுப்பிவிட்டார்கள். முதல் நாளே எல்லா டீச்சர் கையிலும் ஆளுக்கொரு பேரீச்சம்பழம் கொடுத்தாளாம். பின்லாந்தில் பேரீச்சம்பழம் விளைகிறது என்று அங்கே இன்றைக்கும் நம்புகிறார்களாம். நம்பட்டும். அந்த முறையில் பாதி என்னுடையது.

அவள் மகள் படிப்பை முடித்து, சோஹாரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்துவிட்டாள். பக்கத்து பிளாட்டில் இப்போது ஒரு குடும்பம் இருக்கிறது. நல்ல மனிதர்கள். இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மைக் டீச்சர் போன் போடுவாள். “நல்லா இருக்கியளா ஆச்சி?” என்பாள். அதோடு சரி, காத்திருப்பாள். நானும் உடனே சொல்லிவிட மாட்டேன். பழம் கரையட்டும் என்று கொஞ்ச நேரம் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

போதும் அனு, எழுதுனத வாசிச்சுக் காட்டு. ஏட்டி, முணுமுணுக்காத. மூணாவது மாடிக்குக் கேக்கணும்.