மெம்பரை விடாத கஜானா மாமா

திருவாங்கூர் சர்க்கார் வாங்கிய கடனை நினைத்துத் தூக்கம் கெட்ட ஒரே பிரஜை எங்கள் தெருக் கஜானா மாமாதான். கடன் வாங்கினவர்கள் எல்லாரும் நன்றாகத் தூங்கினார்கள். இத்தனைக்கும் மாமாவுக்குச் சொந்தமாக ஒரு குடைகூடக் கிடையாது. மழைக்காலம் பூராவும் சேம்பிலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கோட்டைக்குள் நடப்பார். நடந்துகொண்டே ராஜ்யத்துக்கு வட்டி ஏறுகிறதே என்று கவலைப்படுவார்.

பெயர் என்னவோ இருந்தது, யாருக்கும் ஞாபகமில்லை. ஏதோ சின்ன ஊர்க் கஜானாவில் குமாஸ்தாவாக இருந்தாராம். மேலதிகாரி ஒருவர் போகாத ஊருக்குப் போனதாகப் பயணப்படி கேட்டபோது, ‘எந்த வண்டியில் போனீர்கள்?’ என்று காகிதத்தின் ஓரத்தில் எழுதி அனுப்பினார். வண்டியின் பெயர் வரவில்லை, வேலைதான் போயிற்று. பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. பிராமணர்களுக்கு சர்க்கார் செலவில் இரண்டு வேளை சோறு போடும் ஊட்டுப்புரை ஒன்று தெருக்கோடியில் இருந்தது. அங்கே சாப்பாடு, அதன் பின்தாழ்வாரத்தில் படுக்கை.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீட்டு வக்கீல்தான் சட்டசபை மெம்பர். நான் கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம். வெளியே போகிற வழக்கமில்லை. பார்த்ததெல்லாம் ஜன்னல் கம்பி வழியாகவும், குளத்துக்குப் போகும்போதும்தான். கடன் வாங்கலாமா என்று சபையில் கேட்டால் போதும், மெம்பர் கை தூக்கிவிடுவார். வரவேற்பு வளைவுக்கு ஒரு கடன், விருந்தாளி பங்களாவுக்கு ஒரு கடன், பங்களாவுக்குச் சீமை விளக்கு தொங்கவிட இன்னொரு கடன். மாமா சபைக்குப் போய் வேடிக்கை பார்க்கிறவர்களோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்து தெரு நடுவில் நின்று சொல்வார்.

“மூணு நாள் சபை, கேட்டேளா! நம்ம மெம்பர் கை தூக்கினது ஏழு தரம். வாயைத் திறந்தது ரெண்டே தரம். ரெண்டும் கொட்டாவியாக்கும்!”

மெம்பர் காலையில் குளத்தில் இறங்கும்வரை காத்திருந்து, மாமா மேல்படியில் உட்கார்ந்துகொள்வார். ஈர வேஷ்டியோடு மனுஷன் எங்கே ஓடுவார்?

“மெம்பர்வாள், ஆஸ்பத்திரியிலே தர்ம வார்டுக்குக் கஞ்சி கொறைச்சாச்சு. வளைவுக்குத் தங்க முலாம் பூசியாச்சு. சீக்காளிகள் வளைவைப் பார்த்தே பசியாறணுமோ?”

மெம்பர் தண்ணீருக்குள் முங்குவார். மாமா அசையமாட்டார்.

“சாரமில்லை, இருக்கட்டும். மூச்சு முட்டினா மேலே வந்துதானே ஆகணும்?”

பெண்கள் துறையில் நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் குடத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வோம்.

தேர்தல் வந்தது. மெம்பர் மறுபடியும் நின்றார். அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கூட்டம். மாமா எழுந்தார்.

“கடனை யார் அடைக்கப்போறா? செலவைக் கொறைக்க நீர் என்னைக்காவது ஒரு வார்த்தை பேசினதுண்டோ?”

மெம்பர் கெட்டிக்கார வக்கீல். கோபப்படவில்லை, சிரித்தார்.

“கொறைச்சுடலாம் ஓய். எதைக் கொறைக்கட்டும்? நீர் தினம் ரெண்டு வேளை உட்கார்ந்து சாப்பிடறீரே, அந்த ஊட்டுப்புரையைக் கொறைக்கட்டுமா?”

பந்தல் முழுக்கச் சிரிப்பு. மாமா சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

“கொறைக்கணும்,” என்றார். “ஆனா கடைசியா. முதல்ல சீமை விளக்கு, அப்புறம் பங்களா, அப்புறம் வளைவு. அதுக்கும் மேலே போதலைன்னா ஊட்டுப்புரை.”

அன்றைக்கு அவர் செய்த தப்பு அதுதான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தன் சோறு என்பதற்காகக் கேள்விக்குப் பதிலை மாற்ற அவருக்குத் தெரியவில்லை.

நிலவரி கட்டுகிறவர்களுக்குத்தான் அப்போது ஓட்டு. மாமாவுக்கு ஒரு பிடி மண் இல்லை, ஓட்டும் இல்லை. என் மாமனாருக்கு இருந்தது. என் வீட்டுக்காரருக்கு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா வேலை வாங்கித் தருவதாக மெம்பர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டு ஓட்டு அவருக்குத்தான் விழுந்தது. அவர் ஜெயித்தார். வேலையும் வந்தது.

ஜெயித்த பிறகு முதலில் கூடிய சபையில் மெம்பர் கொட்டாவிக்கு அல்லாமல் வாயைத் திறந்தார். “ஊட்டுப்புரையில் சாப்பிடுகிறவர்களே அதைக் குறைக்கச் சொல்கிறார்கள்” என்றார். ‘கடைசியாக’ என்ற சொல்லை விட்டுவிட்டார். இரண்டே மாதத்தில் எங்கள் தெருக்கோடி ஊட்டுப்புரையைப் பூட்டினார்கள். வளைவு அப்படியே நின்றது.

அங்கே சாப்பிட்டுவந்தவர்களில் கண் தெரியாத ஒரு கிழவர் இருந்தார், நாதியற்ற விதவைகள் நாலைந்து பேர் இருந்தார்கள். பூட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கிழவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லாருடைய சாபமும் மாமா தலையில் விழுந்தது. “உன் நாக்கு அழுகிப்போகும்டா! எங்க வயத்துல மண்ணை அள்ளிப் போட்டியே!” என்று ஒரு பாட்டி அவர்மேல் புழுதியை வாரி இறைத்தாள். மாமா துடைத்துக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் அவரை யாரும் இலைக்குக் கூப்பிடவில்லை. கிழவர் அந்த மாசமே செத்துப்போனார்.

தெருவில் முணுமுணுப்பு கிளம்பியதும் மெம்பருக்குப் பயம் வந்தது. மாமாவிடம் ஆள் விட்டார். ‘கூட்டம் போடுகிறேன். ஊட்டுப்புரையை மூடச் சொன்னது நான்தான், மெம்பர்மேல் குற்றமில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லும். வேறொரு ஊட்டுப்புரையில் ஆயுசு முழுக்கச் சாப்பாட்டுக்குச் சீட்டு வாங்கித் தருகிறேன்.’

மாமா வந்தார். பத்து நாளாகக் குளத்துத் தண்ணீர்தான் ஆகாரம் என்று பார்த்தாலே தெரிந்தது. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீட்டு மெம்பர் கையில் இருந்தது. சொல்லிவிடட்டும், பாவம், சாப்பிடட்டும் என்று நான் ஜன்னலுக்குள் நின்று வேண்டிக்கொண்டேன்.

“மெம்பர்வாள் பறயறது வாஸ்தவம்,” என்றார். “மூடணும்னு நான் சொன்னேன். அந்தப் பாபம் என்னோடது. ஆனா வரிசை தப்பிப்போச்சு. கடைசியா வரவேண்டியது முதல்ல வந்துடுத்து. போகட்டும். ஊட்டுப்புரை ஆச்சு. பாக்கி மூணும் எப்போ?”

ஒருத்தரும் சிரிக்கவில்லை. மெம்பர் சீட்டை நாலாகக் கிழித்துப் போட்டார்.

மறுநாள் மத்தியானம் மாமியார் கண் அசந்த நேரம். மாமா கொல்லை வழியாகப் போவதைப் பார்த்து, கூப்பிடத் தைரியமில்லாமல், கிணற்றடியில் இலையைப் போட்டு சோற்றை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

“மாமா, ஒண்ணு சொல்லணும்,” என்றேன். “எங்காத்து ஓட்டு மெம்பருக்குத்தான் போச்சு. அதுக்காகத்தான் இவருக்கு வேலை ஆச்சு. இந்த அரிசி அந்தச் சம்பளத்துல வந்தது.”

கை நின்றது. இலையை விட்டு எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன்.

“அறியாமலா குட்டீ?” என்றார். “மெம்பர் கை தூக்கின செலவு அத்தனைக்கும் ஆட்சேபம் எழுதி வச்சிருக்கேன். உன் ஆத்துக்காரன் சம்பளத்துக்கு மட்டும் எழுதலை. கொஞ்சம் ரசம் விடு.”

அதற்கப்புறம் ஒரு மாசம்கூட இல்லை. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு, கஞ்சி குறைத்த அதே தர்ம வார்டில் போய்ச் சேர்ந்தார். காடு வரைக்கும் போக நாலு பேர் கிடைப்பதே கஷ்டமாக இருந்ததாம்.

சம்பளமும் பென்ஷனுமாக எத்தனையோ வருஷம் அந்த உத்தியோகத்தில்தான் நான் சாப்பிட்டேன். அன்றைக்கு மாமா ரசம் கேட்டாரே, அதற்கப்புறம்தான் அந்தச் சோறு என் உடம்பில் ஒட்டியது.