மண் பொங்கியது, வாளியும் பொங்கியது

மண்ஞானி வந்தால் போதும். தெருவில் வீடெல்லாம் திறந்துகிடக்கும், மூளைக்கு மட்டும் பூட்டு! ஆளுக்கொரு டப்பாவில் வீட்டு மண்ணோடு வரிசை. ஞானி அதில் நாலு சொட்டு மந்திரத் தண்ணீர் விடுவார். நுரைத்தால் மண்ணில் பேய். விரட்டத் தனிக் கட்டணம். பேய் வாடகை தராது; அதன் பேரில் இவருக்கு நல்ல வருமானம்.

இரும்புக்கு முலாம் பூசும் பட்டறையில் வேலை பார்க்கும் புது மருமகளை மாமியார் இழுத்து வந்திருந்தார். கொல்லையில் கீரை முளைத்ததும் மஞ்சளாகி மடிகிறது, அதுதான் கவலை.

மண் பொங்கியது. ஞானி கண்ணை மூடினார். "புதுசா வீட்டுக்கு வந்த கால் சரியில்லம்மா. அது வெளிய போனாத்தான் கீரை பச்சையாகும்."

கூட்டமே மருமகளின் காலைப் பார்த்தது. மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அந்த நேரம் பார்த்து மூக்கில் ஏறியது ஒரு நெடி. பட்டறையில் இரும்பைக் கழுவும் அமிலத்தின் நெடி!

ஞானி கை கழுவ வைத்திருந்த புதுத் தகர வாளியைக் கவிழ்த்தாள். "சாமி, இதுல ரெண்டு சொட்டு விடுங்க."

"வாளியில பேய் இருக்காதும்மா."

"அப்ப என்ன பயம்?"

சீசாவைப் பிடுங்கி ஊற்றினாள். வாளி புஸ்ஸென்று நுரைத்தது.

"அடடா, வாளி வீட்டுக்கும் மருமக வந்துட்டாளா?" என்றார் வரிசையில் நின்ற தையல்காரர். கூட்டம் சிரித்தது.

"வாளி மேல பூசியிருக்கிறது துத்தநாகம். இந்தச் சீசாவுல இருக்கிற அமிலம் பட்டா பொங்கும். நம்ம தெருவுக்குப் பின்னால எங்க பட்டறைக்காரங்க கொட்டுற கழிவுலயும் அதே துத்தநாகத் தூள்தான். மழையில அடிச்சுக்கிட்டு கொல்லைக்கு வருது. பயிருக்குத் துத்தநாகம் கொஞ்சம் வேணும், மிஞ்சினா விஷம் அத்தை."

"உளறாதே! இது மந்திரத் தண்ணி!" என்று ஞானி குதித்தார்.

மாமியார் எழுந்தார். மருமகள் கையிலிருந்த சீசாவை வாங்கி ஞானியிடமே நீட்டினார். "மந்திரத் தண்ணிதானே? எங்க, ஒரு வாய் குடிங்க."

ஞானி குடிக்கவில்லை. ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

"வா, வீட்டுக்குப் போலாம்" என்று மருமகளின் கையைப் பிடித்தார் மாமியார்.

"வீட்டுக்கா? பட்டறை முதலாளிகிட்டதானே போகணும் அத்தை!"

வரிசை அப்படியே அந்தப் பக்கம் திரும்பியது.

கண்ணுக்குத் தெரியாத பேயைப் பிடிக்க டப்பாவோடு நின்றவர்களே, கண்ணெதிரே மலையாய்க் குவிந்த கழிவைப் பார்க்க எந்த ஞானி வர வேண்டும்?