வாளியக்காவின் கிணற்றில் சவர்

எங்கள் தீவூரான நாரந்தனையில் வாளியக்காவிடம் ஏச்சு வாங்காத உயிர் கிடையாது. ஐயர் வாங்கியிருக்கிறார், பாதிரியார் வாங்கியிருக்கிறார், கலியாணத்துக்கு முதல்நாள் பந்தலுக்குத் தண்ணீர் அள்ளவந்த மாப்பிள்ளை வாங்கியிருக்கிறார். கொடியில் காய்ந்த அவருடைய சேலையைத் தின்ற ஆடு மட்டும் வாங்கவில்லை. அது வேறு ஊர் ஆடு.

வயல் கரையில் இருக்கும் நல்லதண்ணீர்க் கிணற்றுக்கு அவரை யாரும் காவல் வைக்கவில்லை. பக்கத்துக் காணியில் குடியிருந்தார், கிணற்றுக்குரிய ஒரே வாளியை வீட்டுக்குள் வைத்திருந்தார், அவ்வளவுதான் உத்தியோகம். வாளி வேண்டுமென்றால் வாசல் படலையில் நின்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் விசாரணை தொடங்கும்.

"என்ன தம்பி, மூண்டாவது குடமோ?"

"வீட்டில விருந்தாளியள் அக்கா."

"குடிக்க வந்தவையோ, குளிக்க வந்தவையோ?"

பக்கத்துச் சிறுகுளமும் அவருடைய ஆட்சிக்குள்தான். அதற்குள் மோட்டசைக்கிளை இறக்கிக் கழுவிய பெடியன் ஒருவனை அவர் கேட்ட கேள்வி இன்றைக்கும் ஊரில் உலாவுகிறது: "நாரை குளிக்கிற இடத்தில உன்ர எண்ணெயை ஊத்துறியே, நாரை வந்து கொம்மாவின்ர அடுப்படிக்க என்னத்தையும் ஊத்தினதோ?"

தீவில் நல்லதண்ணீர் என்பது என்ன? மாரி மழை மண்ணுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உப்புநீருக்குமேல் பாலாடை மாதிரிப் படிந்திருப்பது. வாளியால் அள்ளினால் ஆடை கிழியாது. அவசரப்பட்டு உறிஞ்சினால் கீழே இருக்கிற சவர் மேலே வந்துவிடும். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தப் பிழையைச் செய்தோம்.

கனடாவில் இருக்கும் ஒரு குடும்பம், தகப்பனின் ஆண்டுத்திவசத்துக்கு உபயமாகக் கிணற்றுக்கு மோட்டரும் தண்ணீர்த் தாங்கியும் பூட்டித் தந்தது. தகப்பனின் பெயரைக் கல்லில் வெட்டி, ரிபன் கட்டி, வடை மோதகத்தோடு திறப்புவிழா நடந்தது. பாசத்தில் செய்கிறவர்களை வேண்டாமென்று எப்படிச் சொல்வது? பைப்பில் தண்ணீர் பாய, ஊரே கைதட்டியது. வாளியக்கா மட்டும் வாளியோடு வந்து நின்றார்.

"செத்த மனுசன்ர பேரைச் சொல்லிக் கிணத்தையும் சாகக் குடுக்கப் போறியள்."

"நல்ல நாளில வாயைத் திறக்காதையுங்கோ அக்கா" என்று அவருக்கு ஒரு வடை கொடுத்தார்கள். வாங்கி, காகத்துக்குப் போட்டார்.

பங்குனி வெயில் வந்தது. தேத்தண்ணியில் சீனி போடுவதா, புளிவிட்டு இரசமாக்குவதா என்று வீட்டுக்கு வீடு குழப்பம். கிணறு சவர்த்துவிட்டது. மோட்டரைக் கழற்றினோம். பவுசர் லொறி கொண்டுவரும் தண்ணீருக்கு வெயிலில் வரிசையில் நின்றோம். வாளியக்கா கிணற்றைச் சுற்றிப் பனைமட்டையால் வேலி அடைத்து, ஒரு செம்பு தண்ணீரும் அள்ளக்கூடாது என்று சொல்லிவிட்டார். கிணறு ஆறவேண்டுமாம்.

வற்றிய குளத்தைத் தூர்வார எங்களைப் பிடித்து இறக்கியவரும் அவர்தான். மண்வெட்டி போட்டால் சேற்றுக்குள் நித்திரை கொள்ளும் தவளைகள் வெளிப்படும். ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஈரச்சேற்றோடு வாளியில் போட்டுக்கொண்டு, "சத்தம் போடாதையுங்கோ, அதுகள் எழும்பிப்போடும்" என்று எங்களை அதட்டுவார். அந்த வெயிலுக்குள் நாங்கள் தவளைகளுக்காகக் குசுகுசுத்துக் கதைத்தோம்.

அந்த நாட்களில்தான் ரொறன்ரோவிலிருந்து அவருடைய ஒரே மகள், விசா சரிவந்துவிட்டது, வெளிக்கிட்டு வாருங்கள் என்று பிடிவாதமாக நின்றாள். எங்கள் எல்லாருக்கும் கேட்கத் தொலைபேசியில் வாளியக்கா வாக்குக் கொடுத்தார்.

"கிணத்துத் தண்ணி திரும்பட்டும் பிள்ளை. திரும்பின உடன பிளேனேறுவன்."

முதல் மாரியில் சவர் குறைந்தது. அடுத்த மாரி குளத்தை நிரப்பி வழியவிட்டது. தவளைகள் விடிய விடியக் கத்தின. மழை விட்டதும் வேலியைத் திறந்து, ஊர் பார்த்து நிற்க, வாளியக்கா முதல் வாளியை அள்ளி ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார்.

"சவர்" என்றார்.

நாங்களும் குடித்தோம். இளநீர்! கடலுக்குப் போகிற அந்தோனி அண்ணை, "என்னக்கா, இது நல்ல..." என்று தொடங்க, அவருடைய மனுசி காலை மிதித்தாள். அவர் தண்ணீரை இன்னொருதரம் குடித்து, முகத்தைச் சுளித்து, "ஓம், சவர்தான்" என்றார். தண்ணீர் விஷயத்தில் வாளியக்கா சொன்ன முதல் பொய் அது. எங்கள் ஊர் ஒற்றுமையாகச் சொன்ன முதல் பொய்யும் அதுதான்.

அதற்குப் பிறகு எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டு குடம் நிறைய அள்ளிப் போனோம். வாளியக்காவின் மகள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அண்ணை, நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கோ. தண்ணி இன்னும் சவரோ?"

"வாயில வைக்கேலாது தங்கச்சி" என்றேன். கையில் பாதி குடித்த தம்ளர் இருந்தது.

கடைசியில் அவள் நேரே வந்து இறங்கினாள். கிணற்றடிக்குப் போய், தானே அள்ளிக் குடித்தாள். இன்னுமொரு செம்பு அள்ளிக் குடித்தாள். பிறகு கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து அழுதாள்.

"எனக்கும் நீங்கள் வேணும் அம்மா."

அதற்கு வாளியக்காவிடம் ஏச்சு இருக்கவில்லை. அந்தக் கிழமையே மகளோடு பிளேனேறிப் போய்விட்டார்.

இப்போது வாளி கிணற்றடியிலேயே தொங்குகிறது, யாரும் எடுக்கலாம். ஆனாலும் ஒருவரும் மூன்றாவது குடம் அள்ளுவதில்லை. நான் போனால் அந்தப் படலையைப் பார்க்காமல் வர முடிவதில்லை. ஒருவர் ஏசமாட்டாரா என்று மனிதன் ஏங்குவான் என்பதை நான் நம்பியிருக்கமாட்டேன்.

வாளியக்கா ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் பேசுவார். பனி எப்படி, பேரப்பிள்ளை எப்படி என்று கேட்டால் காதில் விழாது.

"தண்ணி எப்பிடித் தம்பி?"

"சவர்தான் அக்கா. நீங்கள் வந்தால்தான் சரிவரும்."



"பொய் சொல்லுறீர்" என்பார். பிறகு, குரலைத் தாழ்த்தி:

"அடுத்த கிழமையும் நீர் இப்பிடியே சொல்லும், என்ன."