தியேட்டரடிக் கடையில் என்னைப் பெண் வீட்டார் பார்த்த கதை

என்னைச் சோற்றுப் பானை என்று என் பிள்ளைகளே கேலி செய்கிறார்கள். அநியாயம்! நடந்ததைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அறுபதுகளில் நான் வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமத்தில் புதிதாக வேலை கிடைத்த வாத்தியார். தோணியில் வாவியைக் கடந்தால் டவுன்; அங்கே புளியந்தீவில் ஒரு பெண் பேசினார்கள். அவள் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. தகப்பன் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். வீட்டுக்குக் கூப்பிட முன் ஆளைப் பார்க்கவேண்டும் என்று, பொழுதுபட தியேட்டரடித் தேநீர்க்கடைக்கு வரச் சொன்னார். படத்துக்குப் போகிறவன், வருகிறவன், ரொட்டி தின்ன மட்டுமே வந்தவன் என்று அந்தத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது.

புறப்படும்போது அக்கா சொன்னாள்: "வைச்சதை மிச்சம் விட்டிராத. மரியாதை தெரியாதவன் எண்டு நினைப்பாங்க." (அக்காவும் டவுன் கடையில் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அதை யார் யோசித்தது?)

உட்கார்ந்ததுமே, கேட்காமலே வெயிற்றர் ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து வைத்தார். ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், வடை. வேண்டியதை எடுத்துத் தின்றால் போதும், மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். அந்தக் கடைகளின் வழக்கம் அது. எனக்கு யாராவது சொன்னார்களா?

எதிரே இருந்த பெண்ணின் தகப்பன் ஒரு வடையோடு நிறுத்திக்கொண்டார். மீதி என் பொறுப்பு என்று நான் இறங்கினேன். கட்லட் காலையில் பொரித்தது போல, கல்லாக இருந்தது. பன்னிரண்டாவதில் கண் பிதுங்கியது. ஒருவழியாகத் தட்டைக் காலியாக்கி நிமிர்ந்தால், அந்தப் பாழாய்ப்போன வெயிற்றர் இன்னொரு தட்டை வைக்கிறார்!

"ஐயா, இதையுமா?" என்றேன். அழுகையே வந்துவிட்டது.

"ஏலாட்டி விடுங்க தம்பி! ஆரு உங்களை முழுக்கத் தின்னச் சொன்ன?" என்றார் வெயிற்றர்.

கடையே சிரித்தது. சம்பந்தம் போச்சு என்று தோணி ஏறி, கரை சேரும்வரை அக்காவைத் திட்டினேன்.

மூன்றாம் நாள் சம்மதம் என்று ஆள் வந்தது! என் அடக்க ஒடுக்கத்தில் மனுஷன் மயங்கிவிட்டார் என்றே நம்பினேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஆக்கிய முதல் கறியை வாயில் வைத்தேன். வைத்த வாயை மூட முடியவில்லை.

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா அண்டைக்கே சொன்னவர். 'அந்தக் கடைட கட்லட்டையே முகம் சுளிக்காமத் தின்னுறான் பிள்ள. உன்ட சமையலுக்கு இவனை விட்டா வேற ஆள் இல்ல' எண்டு."

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதும் அவள்தான். சொல்லி முடித்ததும் எனக்கு இன்னொரு அகப்பை போடுகிறாள்.