ராசுவுக்குத் தைத்த பனியன்

திருப்பூர்க்காரர்களுக்கு ஒரு திமிர் உண்டு. கையும் கழுத்தும் உள்ள எதைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அதற்கு ஒரு பனியன் தைத்துவிடலாம் என்று நம்புவோம். (கை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஸ்லீவ்லெஸ்.) அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருந்த காலத்தில் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. அதில் நான், என் தோழி செல்வி, எங்கள் வீட்டு நாய் ராசு.

நானும் செல்வியும் ஒரு பெரிய பனியன் கம்பெனியில், ஆர்டர் பிடித்துச் சரக்கை முடித்துக் கொடுக்கும் மெர்ச்சண்டைசர்களாக இருந்தோம். சொந்தத் தொழில் செய்யப்போகிறோம் என்று இருவரும் சேர்ந்து வேலையை விட்டபோது மேனேஜர் சிரித்தார். "போய்ட்டு வாங்கம்மா. ரெண்டு நாற்காலியும் காலியாத்தான் இருக்கும்" என்றார். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. செத்தாலும் அந்த நாற்காலியில் போய் உட்காரக் கூடாது என்று அருள்புரத்தில் ஒரு ஷெட்டைப் பிடித்து நாலு தையல் மெஷினைப் போட்டோம். ஆர்டர்தான் வரவில்லை.

கடைசியில் வந்தது நாய்களுக்கான பனியன். வெளிநாட்டுக் கம்பெனிக்காகச் சென்னையிலிருந்து சரக்குப் பார்க்கும் மேடம் ஒருவர், "சாம்பிள் தைத்து வையுங்கள். நாய்க்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர்" என்று போனில் சொன்னார்.

இதிலென்ன பெரிய வித்தை என்று டேப்பை எடுத்தேன். செல்வி ராசுவின் முன்னங்கால்கள் இரண்டையும் பிடித்துத் தூக்கி, நிமிர்த்தி நிற்கவைத்தாள். யூனிஃபார்முக்கு அளவு கொடுக்கும் எல்.கே.ஜி. பிள்ளையைப் போல அவனும் சமர்த்தாக நின்றான். தோள், மார்பு, உயரம் எல்லாம் எடுத்தேன். முதுகுப்பக்கம் எவ்வளவு நீளமோ முன்பக்கமும் அவ்வளவு நீளம். மனுசப் பனியனுக்கு அதுதானே கணக்கு! இளநீலத்தில் தைத்து முடித்ததும், சாம்பிள் அழுக்காகிவிடக் கூடாதே என்று கவரில் போட்டு வைத்துவிட்டோம். ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

மேடம் வந்த அன்றுதான் ராசுவுக்கு மாட்டினோம். புது மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தான். "சோ க்யூட்!" என்றார் மேடம். (சுடிதாருக்குக் காலர் இல்லை. இருந்திருந்தால் தூக்கிவிட்டிருப்பேன்.)

ராசு நேராகக் கட்டிங் டேபிளுக்குப் போனான். அதன் காலை மோந்து பார்த்தான். தன் பின்னங்காலைத் தூக்கினான்.

அவன் மேல் தப்பே இல்லை. கடவுள் யோசித்துத் திறந்து வைத்திருந்த இடத்தை நான் முன்பக்க நீளத்தால் மூடி வைத்திருந்தேன். இளநீலப் பனியன் வயிற்றோடு கருநீலமானது. ராசு காலைத் தூக்கியபடியே என்னைத் திரும்பிப் பார்த்தான். அய்யோ, போச்சு! அந்த இரண்டு நாற்காலிகளும் கண்முன் வந்து நின்றன.

செல்வி முந்திக்கொண்டாள். "மேடம், தரையப் பாருங்க. ஒரு சொட்டு விழுகலீங்க. அத்தனையும் சுத்தமான காட்டனுங்க!"

மேடம் ராசுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவரால் நிறுத்த முடியவில்லை. செல்வி அதற்குள் கத்திரியை எடுத்துவிட்டாள்.

"புள்ள, அவன அசையாமப் புடி."

நான் பிடித்துக்கொள்ள, நாலு காலில் நின்றவன் வயிற்றுப் பக்கத்துத் துணியை அரைவட்டமாக வெட்டி எறிந்தாள். "இப்பப் போ சாமி" என்று அவன் முதுகில் தட்டினாள். ராசு வாசல் தூணுக்குப் போய் மறுபடியும் காலைத் தூக்கினான். மூன்று பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தோம். பனியனில் ஒரு துளி படவில்லை! செல்வி கைதட்டினாள். நான் அழுதே விட்டேன்.

அப்போது மேடம் எடுத்த படம்தான் அது. கத்திரியோடு செல்வி, கண்ணீரோடு நான், நடுவில் நெஞ்சை நிமிர்த்திய ராசு. ஆர்டரைக் கொடுத்துவிட்டு ஒரு நிபந்தனையும் போட்டார்: இனி எந்த சாம்பிளாக இருந்தாலும் ராசு போட்டுக்கொண்டு, காலைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் அது சென்னைக்கு வர வேண்டும்.

அவனும் லீவே போடாமல் உழைத்தான். இன்றைக்கு ஷெட் கொள்ளாத அளவுக்கு மெஷின்கள் ஓடுகின்றன. படத்தைப் பெரிதாக்கி ஆபீஸில் மாட்டியிருக்கிறோம். எனக்கு இதில் துளியும் வெட்கமில்லை, பெருமையோ பெருமை. புதிதாக வேலை கேட்டு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதுல ஓனர் யாருங்க?" என்று கேட்பார்கள்.

செல்வி தலையைக்கூடத் தூக்காமல் பதில் சொல்வாள்: "நடுவுல நிக்கறாரே, அவருங்க. நாங்க ரெண்டு பேரும் அவருகிட்ட வேலைக்கு இருக்கறமுங்க."