பிரேக் வாத்தியாரும் பஞ்சரும்

'இவர்கிட்ட கத்துக்கிட்டா கார் ஓடாது, உட்கார்ந்து அழும்' என்று தன் வீடியோவுக்குக் கீழே பஞ்சர் எழுதியிருந்ததை வாத்தியார் மறுபடியும் படித்தார். முதல் தடவை படித்ததைவிட இப்போது கொஞ்சம் அதிகமாகவே எரிந்தது.

ஒரே கார், ஒரே வாத்தியார். அதுதான் அவருடைய டிரைவிங் ஸ்கூல். அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை அவர் மிதிக்கிற மிதியில் கிடைத்த பட்டம்தான் பிரேக் வாத்தியார். ஆனாலும் அவரிடம் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பார்க்கிங் பற்றி அவர் போடும் வீடியோக்களை அத்தனை பேர் பார்த்தார்கள். அந்தச் சந்தோஷத்தில்தான் பஞ்சர் என்ற பெயரில் முகம் காட்டாத ஒரு பிரகிருதி வந்து மண்ணைப் போட்டது.

"பதில் போடாதீங்கப்பா," என்றாள் பத்தாவது படிக்கும் மகள். "ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிட்டு ரிப்போர்ட் பண்ணுங்க. நீங்க கோபப்படணும்னுதான் அது எழுதுது."

"எனக்கென்ன கோபம்? பக்குவமா பதில் சொல்றேன் பாரு."

பக்குவமாக 'தைரியம் இருந்தா நேர்ல வா' என்று போட்டார்.

'வர்றேன். நீங்க மட்டும் காரை எடுக்காம நடந்தே வாங்க, ரோட்டுல நாலு பேர் பிழைக்கட்டும்' என்றது பஞ்சர். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

நம்மைப் புகழ ஆள் இருந்தால் அடங்கிவிடும் என்று, 'நன்றியுள்ள மாணவி' என்ற பெயரில் அவரே ஒரு திருட்டு அக்கவுண்ட் ஆரம்பித்தார். 'இவரைப் போல ஒரு பொறுமைசாலியை நான் பார்த்ததே இல்லை. தங்கமான மனிதர். கண்ணாடியைப் பாரு, இண்டிகேட்டரைப் போடு' என்று எழுதினார். அந்தக் கடைசி வரி நாளெல்லாம் சொல்லிச் சொல்லி ஊறிப்போனது, விரல் தானாகவே அடித்துவிட்டது. வீடியோவுக்கு வீடியோ அதைக் கேட்டவர்களுக்கு ஆளைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

'மாணவிக்கு மீசை இருக்கும்போல!' என்றது பஞ்சர்.

பிளாக் செய்தார். 'பஞ்சர் 2' வந்தது.

நம்மிடம் படிக்கிற ஆள்தான் இதைச் செய்கிறது என்று அடுத்து ஒரு ஞானோதயம். காலை ஆறு மணிக்கு வருபவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். நட்டநடு ரோட்டில் அவர் பக்கம் திரும்பி, "உண்மையைச் சொல்லுங்க சார், பஞ்சர்தானே?" என்றார் வாத்தியார்.

போஸ்ட்மாஸ்டர் பதறிப்போய் டயரைப் பார்க்க இறங்கினார். விஷயம் புரிந்ததும் திரும்ப ஏறவே இல்லை. பேக்கரிக்காரரும் இதே கேள்வியில் கோபித்துக்கொண்டு போனார். கல்லூரியில் படிக்கும் அக்காவும் தங்கையும் சேர்ந்தே வருவதை நிறுத்தினார்கள். கார் காலி.

"வண்டியை வித்துடலாம்னு பார்க்கிறேன்," என்றார் சாப்பிடும்போது. "ஸ்டியரிங்கைத் தொடவே பயமா இருக்கும்மா."

மகள் சிரிக்கவில்லை. "போன வருஷம் என் போட்டோவை வச்சு கிளாஸ் குரூப்ல கிண்டல் பண்ணினப்ப எனக்கும் இப்படித்தான்பா இருந்துச்சு. நீங்க 'போனை மூடி வச்சிட்டுப் படி'ன்னுட்டீங்க."

அவர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "அன்னிக்கு உன்கிட்ட உட்கார்ந்து கேட்டிருக்கணும். தப்புதான்மா. எப்படிச் சமாளிச்சே?"

"அம்மாகிட்ட சொன்னேன், டீச்சர்கிட்ட சொன்னேன், ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொன்னேன். வெளிய சொல்லச் சொல்ல பயம் விட்டுப்போச்சு. நீங்களும் யார்கிட்டயாவது மனசுவிட்டுப் பேசுங்கப்பா." சொல்லிக்கொண்டே அவர் போனை வாங்கி, வீடியோக்களில் யாரும் கமெண்ட் போட முடியாதபடி செட்டிங்கை மாற்றினாள்.

மறுநாளே ஒரு போன். ஆறு மணிக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டது ஒரு பெண் குரல். இடமா? காரே அவளுக்குத்தான் என்று சொல்லாத குறையாகச் சேர்த்துக்கொண்டார்.

வந்தவள் ஒரு நர்ஸ். சொல்வதற்கு முன்பே கண்ணாடியைப் பார்த்தாள், இண்டிகேட்டரைப் போட்டாள். வாத்தியார் பிரேக்கில் கால் வைக்கவே இல்லை. ஸ்டியரிங் பயம் போன இடம் தெரியவில்லை. மகள் சொன்னது நினைவுக்கு வர, பஞ்சர் கதையை ஒன்றுவிடாமல் அவளிடம் கொட்டித் தீர்த்தார்.

"அத்தனையும் படிச்ச பிறகும் என்கிட்ட சேர உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

அவள் காரை அழகாக ஓரங்கட்டி நிறுத்தினாள். முகம் சிவந்துபோயிருந்தது.

"மன்னிச்சிடுங்க சார், நைட் டியூட்டி முடிச்சு வர்ற எனக்கு ஆறு மணியை விட்டா வேற நேரமில்ல, ஆறு மாசமா கேட்டும் இடமில்லன்னுட்டீங்க, அந்தப் போஸ்ட்மாஸ்டரைக் கிளப்ப அப்படி எழுதறதை விட்டா எனக்கு வேற வழி தெரியல!"