பதினான்கு பிலாத்துகள்

யோசனையே வராத மனிதர்கள் ஒரு வகை. அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. யோசனை வந்து, அதைச் செய்தும் முடிக்கிறவர்கள் இன்னொரு வகை. அவர்களை நாம் அதிகம் பார்த்ததில்லை. மூன்றாவதாக ஒரு வகை உண்டு. மழைக்காலத்தில் ஓட்டுக்கூரை ஒழுகுவதுபோல இவர்களுக்கு யோசனை ஒழுகிக்கொண்டே இருக்கும். சொட்டுகிற இடத்திலெல்லாம் ஒரு பாத்திரத்தைக் கொண்டுபோய் வைப்பார்கள். எந்தப் பாத்திரமும் நிறையாது. இந்த வகையோடு கொஞ்சம் பக்தியும் கொஞ்சம் சித்திரக்கலையும் சேர்ந்துவிட்டால் ஆபத்து. சாதாரண யோசனைக்காரரிடம், "போன மாசம் ஆரம்பித்தது என்னாயிற்று?" என்று கேட்டுவிடலாம். இவரிடம் முடியாது. இவருக்கு யோசனை தோன்றுவதில்லை ஐயா, அருளப்படுகிறது. அதைக் குறை சொன்னால் கொடுத்தவரைக் குறை சொன்னதாகிவிடும். யாருக்குத் துணிச்சல் வரும்?

உங்கள் ஊரில் இருப்பவர் பெயர் எனக்குத் தெரியாது. மைசூரில் இருப்பவர் பெயர் சவரிராஜ். மண்டி மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே குடியிருக்கிறார். பள்ளியில் டிராயிங் மாஸ்டர். மனைவி ஜெசிந்தா வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறார். சவரிராஜுக்குக் கை நல்ல கை. அதைச் சொல்லாமல் கேலி செய்வது பாவம். ஒரே கோட்டில் கழுதையை உயிரோடு நிற்கவைப்பார். இரண்டாவது கோடு போடுவதற்குள், அந்தக் கழுதைமேல் யார் வரவேண்டும் என்பதை மாற்றிவிடுவார்.

யோசனைகளை நிர்வகிக்க அவரிடம் ஏற்பாடில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஏழு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஜெபத்தில் வந்தவற்றுக்கு நீல நோட்டு, பிரசங்கத்தின்போது வந்தவற்றுக்குச் சிவப்பு நோட்டு, குளிக்கும்போது வந்தவற்றுக்குப் பச்சை நோட்டு என்று வரிசை போகும். சிவப்புதான் சீக்கிரம் தீரும். கலைஞர்களுக்கான மூன்று நாள் தியானத்துக்கு ஒருமுறை பெங்களூர் போனார். தலைப்பே யோசனைகளை ஒழுங்குபடுத்துவது எப்படி என்பதுதான். ஒழுங்குபடுத்துவதைப் பற்றி நாற்பத்தொரு யோசனைகளோடு திரும்பி வந்தார்.

இப்படிப்பட்டவரிடம்தான் நான்கு வருடங்களுக்கு முன்னால் அவருடைய பங்குத்தந்தை ஃபாதர் இன்னாசி ஒரு வேலையை ஒப்படைத்தார். ஊர் ஓரத்தில் இருக்கிற சின்னக் கோயில். சிலுவைப் பாதைக்குரிய பதினான்கு நிலைகளும் அங்கே சுவரில் வெறும் எண்களாக மட்டும் இருந்தன. ரோமாபுரி ஆளுநன் பிலாத்து இயேசுவுக்குச் சாவுத் தீர்ப்பிட்டுக் கை கழுவுவதிலிருந்து கல்லறையில் அடக்கம் செய்வதுவரை பதினான்கு படங்கள் வேண்டும்.

எண்களைப் பார்த்தே ஜெபிக்க மற்றவர்கள் பழகிவிட்டிருந்தார்கள். பழகாதவர் ஒருவர் இருந்தார். ராமாபுரத்துப் பக்கத்திலிருந்து வந்து மகளோடு இருக்கிற தேவம்மா. அவருடைய மகன் கொள்ளேகால் ரோட்டில் பைக் விபத்தில் போனவன். ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் இறுகக் கட்டி, நேராகக் கல்லறைக்கே கொண்டுபோய்விட்டார்கள். தாய்க்குத் தொட்டுப் பார்க்கக்கூடக் கொடுக்கவில்லை. அதனால் அவருக்கு வேண்டியது பதின்மூன்றாம் நிலை ஒன்றுதான். சிலுவையிலிருந்து இறக்கிய உடலைத் தாயின் மடியில் வைக்கிற படம். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் சவரிராஜைத் தேடி வருவார்.

"எங்கம்மா வந்துட்டாளாப்பா?"

"வந்துட்டே இருக்காங்க தேவம்மா."

பொய்யில்லை. வந்துகொண்டேதான் இருந்தாள். முதல் நிலையைச் சவரிராஜ் மூன்றே வாரத்தில் முடித்தார். பிரமாதம் என்று ஜெசிந்தாவே சொன்னார். இரண்டாம் நிலைக்குப் பலகையைத் தயார் செய்துகொண்டிருந்தபோது அருள் இறங்கியது. பிலாத்து ஏன் ரோமாபுரி உடையில் இருக்கவேண்டும்? மைசூர்ப் பேட்டா தலைப்பாகை கட்டி, சரிகை அங்கி போட்டு, தங்க ரேக்கு ஒட்டிய பழைய மைசூர் பாணியில் இருந்தால்? நல்ல யோசனைதான். ஆனால் ஒன்று மட்டும் ஒரு பாணியிலும் மீதிப் பதின்மூன்று வேறு பாணியிலும் இருக்கலாமா? ஆண்டவருக்கே அவமரியாதை அல்லவா? ஆகவே மறுபடி முதல் நிலையிலிருந்து ஆரம்பித்தார். அது முடிகிற சமயத்தில், உருவமே வேண்டாம், கைகள் மட்டும் போதும் என்று தோன்றியது. மறுபடி முதல் நிலை. பிறகு கொட்டாங்கச்சிக் கரி. பிறகு தசராக் கொலு பொம்மைகள். பிறகு தரையோடு தரையாக ஓர் எறும்பு பார்த்தால் பிலாத்து எப்படித் தெரிவான் என்கிற கோணம். இப்படியே போயிற்று.

"ஒண்ணையாவது கண்டின்யூ பண்ணுங்களேன்" என்பார் ஜெசிந்தா.

"தாலந்தப் பொதைக்கக் கூடாதுன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு, ஜெசி."

எஜமான் கொடுத்த தாலந்துக் காசைப் புதைத்துவைத்த வேலைக்காரனின் இந்த வேத உவமையை ஃபாதரிடமும் சொல்லிப் பார்த்தார். ஃபாதர் இன்னாசி அமைதியானவர். "பொதைச்சவன ஆண்டவர் திட்டினாரு, கரெக்ட்டு. தெனம் காலைல வந்து வேற தாலந்து குடுங்கன்னு நின்னவன் கதை வேதத்துல இல்ல, சவரி. இருந்திருந்தா அவனுக்கும் நாலு திட்டு விழுந்திருக்கும்" என்றார். சவரிராஜ் தலையாட்டினார். வேதத்தில் இல்லாத உவமைகள் என்று ஒரு தொடர் வரையலாமே என்று அந்த நிமிடமே சிவப்பு நோட்டில் குறித்துக்கொண்டார்.

இந்த வருடம் தவக்காலம் நெருங்கியதும் ஃபாதர் போன் செய்து ஒரே கேள்வி கேட்டார். "பதினாலும் முடிஞ்சிதா?"

சவரிராஜ் அறையைச் சுற்றிப் பார்த்தார். எண்ணினார். சரியாகப் பதினான்கு படங்கள் இருந்தன. எல்லாம் முடிந்த படங்கள். எல்லாம் முதல் நிலை. வேறொருவராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார். இவருக்கு உடம்பு சிலிர்த்தது. நான்கு வருடமாகத் தன்னை ஏன் முதல் நிலையிலேயே ஆண்டவர் நிறுத்திவைத்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. நாம் அவரை ஒருமுறையா தீர்ப்பிடுகிறோம்? ஒவ்வொரு அடியிலும் அல்லவா தீர்ப்பிடுகிறோம்? பதினான்கு பிலாத்துகள். உலகத்தில் யாரும் செய்யாதது.

"முடிஞ்சிது ஃபாதர்" என்றார்.

வியாழக்கிழமை ஃபாதர் வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்தார். சவரிராஜ் ஏணி போட்டுப் பதினான்கையும் மாட்டி, ஒவ்வொன்றின்மேலும் துணியைப் போர்த்தி மூடினார். வெள்ளிக்கிழமை மாலை, சிலுவைப் பாதை ஜெபத்துக்குக் கூட்டத்திலிருந்து நேராக வந்து இறங்கிய ஃபாதர், புத்தகத்தைக் கையிலெடுத்து, மக்களோடு முதல் நிலைக்கு முன்னால் போய்த் துணியை விலக்கினார். கோயிலே மூச்சை இழுத்துக்கொண்டது. அவ்வளவு நன்றாக இருந்தது.

இரண்டாம் நிலையில், இயேசு சிலுவை சுமப்பதாக ஃபாதர் வாசித்தார். படத்தில் பேட்டா கட்டிய பிலாத்து கை கழுவிக்கொண்டிருந்தான். மூன்றாம் நிலையில் இயேசு விழுந்தார்; பிலாத்து கை கழுவினான். நான்காம் நிலையில் தாயைச் சந்தித்தார். கொலு பொம்மையாக நின்று கை கழுவினான். ஆறாம் நிலையில் வெரோணிக்கா அவர் முகத்தைத் துடைக்கவேண்டும். பிலாத்து துண்டால் தன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார்கள். ஃபாதரின் குரல் வேகமெடுத்தது. எட்டாம் நிலைக்கு மேல் அவர் படத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். பின்வரிசையில் சவரிராஜ் கைகட்டி நின்று, எல்லோருக்கும் விளங்கப்போகிற அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தார்.

தேவம்மாவுக்கு முழங்கால் வலி. மற்ற வருடங்களில் உட்கார்ந்த இடத்திலேயே ஜெபிப்பார். அன்று பெஞ்சு பெஞ்சாகப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். முந்தானையில், தேவராஜ மார்க்கெட்டில் வாங்கிய ஒரு முழம் மல்லிகை. பதின்மூன்றாம் நிலையின் துணி விலகியது. எறும்புக் கோணம். இரண்டு பெரிய செருப்புகள், ஒரு அங்கியின் விளிம்பு, கீழே சொட்டுகிற தண்ணீர்.

ஜெபம் நின்றுவிட்டது. தேவம்மா திரும்பிச் சவரிராஜைத் தேடினார்.

"இதுல அம்மா எங்கப்பா?"

சவரிராஜ் முன்னால் வந்து விளக்கினார். பொறுமையாக, அழகாக விளக்கினார். நாம் எல்லோரும் பிலாத்து என்றார். தேவம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"நீ படிச்சவன், சொன்னாச் செரியாத்தான் இருக்கும். பதினாலு தடவ சாகச் சொல்லித் தீர்ப்புக் குடுத்துட்ட. ஒருக்கா எறக்கி அவ மடியில போடறதுக்கு உனக்குக் கை வல்ல, இல்ல?"

அவ்வளவுதான். மல்லிகையை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு, பதினான்காம் நிலைக்கு நிற்காமல் வெளியே போய்விட்டார்.

சவரிராஜ் அழுதார். நடிப்பில்லை, நிஜமான அழுகை. ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பும்போதும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவுக்கு, இருபது வருடத்தில் முதல்முறையாக, இவர் மாறிவிடுவார் என்று நம்பிக்கை வந்தது. தேவராஜ மொஹல்லா திரும்புகிற இடத்தில் சவரிராஜ் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"ஜெசி. ஒரு தாய். மடி மட்டும். காலியான மடி. அப்படிப் பதினாலு."

ஜெசிந்தா வண்டியிலிருந்து இறங்கினார். "நீங்க போங்க. நான் ஆட்டோ புடிச்சு வந்துடறேன்."

மறுநாள் காலை அவர் போனது, தங்கள் தெருவிலேயே கடைப் பலகையும் ஆட்டோவின் பின்பக்கமும் எழுதுகிற மல்லப்பனிடம். பழைய ஜெப புத்தகத்தைத் திறந்து, தபால்தலை அளவில் இருந்த நிலைப் படங்களைக் காட்டினார்.

"நமக்கு இந்தச் சாமி பழக்கமில்லீங்களே. இதப் பாத்து அப்படியே பெருசா எழுதினாப் போதுங்களா?"

"போதும்."

"எத்தன?"

"பதிமூணு. மொதல்லது இருக்கு."

"எப்ப வேணும்?"

"அடுத்த வெள்ளி."

"ஆகட்டும்ங்க."

கவனித்தீர்களா? யோசனைக்காரர்கள் வாயில் வரவே வராத சொல் அந்த 'ஆகட்டும்'. வியாழன் மாலை பதின்மூன்றும் மாட்டியாகிவிட்டது. ரோமப் போர்வீரர்கள் டிராபிக் போலீஸ்போல இருந்தார்கள். மாதாவின் முகம் சமையல் எண்ணெய் விளம்பரத்துப் பெண்ணின் முகம். இயேசுவின் ஒரு கால் இன்னொரு காலைவிட நீளம். வெள்ளிக்கிழமை தேவம்மா பதின்மூன்றாம் நிலைக்கு முன்னால் நின்று, மல்லிகையைச் சட்டத்தில் சுற்றிவிட்டு, அந்த நீளமான காலைத் தடவிக்கொண்டே இருந்தார். பெயின்ட் இன்னும் சரியாகக் காயவில்லை. விரலெல்லாம் அப்பிக்கொண்டது. அவர் துடைக்கவில்லை.

சவரிராஜ் பின்வரிசையிலிருந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகச் சொன்னார்: "ஐடியான்னு ஒண்ணுமே இல்ல பாருங்க." காலி மடிகளில் முதலாவதை இப்போது முடித்துவிட்டார். பிரமாதமாக வந்திருக்கிறது என்று கேள்வி.

இதைப் படித்தால் அவர் வாய்விட்டுச் சிரிப்பார். தனக்குத் தெரிந்த வேறொரு ஆர்டிஸ்டைப் பற்றி எழுதியிருப்பதாக நினைத்துக்கொள்வார். நீங்களும் யாரோ ஒருவரை நினைத்துத்தானே சிரித்தீர்கள்? நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நடுவில் எங்கேயாவது, இதையே ஒரு மேடை நாடகமாகப் போட்டால் எப்படியிருக்கும் என்று ஒரு நொடி தோன்றியதா? தோன்றினால் தப்பில்லை, எல்லோருக்கும் தோன்றும். அதற்குள் அந்த நாடகத்துக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டீர்களா என்பதைத்தான் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.